அக்கரைச் சம்பளம், இக்கரைக் குடித்தனம்

பேராக் மாநிலத்தில் தோட்டத்து லயமானாலும் சரி, தோட்டம் விற்கப்பட்ட பின் அதன் ஓரத்தில் எழுந்த மலிவுவிலைத் தாமானானாலும் சரி, பால்வெட்டிப் பிழைத்த குடும்பங்களில் “பையன் எங்கே?” என்று விசாரித்தால், “ஜொகூரில் இருக்கிறான், சிங்கப்பூரில் வேலை செய்கிறான்” என்னும் பதில் சர்வ சாதாரணமாக வருகிறது. சுங்கை சிப்புட்டிலும் இதே பதில்தான். தெலுக் இந்தானிலும் இதே பதில்தான். ஒரே வாக்கியத்தில் இரண்டு நாடுகள் வந்துவிடுகின்றன. சொல்லுகிற தாய்க்கு அது விந்தையாகப் படுவதும் இல்லை.

அந்தப் பையன் ஈப்போ அமான் ஜெயாவில் இரவு பஸ் ஏறி, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, ஜொகூர் பாருவில் நாலைந்து பேரோடு ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டவன். தோட்டத்தில் பெரட்டுக்கு மணி அடிப்பதற்கும் முன்பாக, விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளை முடுக்குகிறான். முதலில் நம் நாட்டுக் குடிநுழைவுச் சாவடி. பிறகு ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலம். அதற்கப்பால் உட்லண்ட்ஸ் சாவடி. ஏழு மணிக்கோ எட்டு மணிக்கோ வேலை தொடங்க வேண்டும். மாலையில் அதே வரிசை, அதே சாவடிகள், மறுபக்கமாக. அறைக்குத் திரும்ப ஒன்பது, பத்து மணியாகிவிடும். வேலை எட்டு மணி நேரமென்றால் போக வர நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்துக்கு எந்தச் செக்ரோலிலும் பெயர் கிடையாது.

நாள்தோறும் இருபுறமும் பாலத்தைக் கடப்போர் மூன்று இலட்சத்துக்கும் மேல் என்று அரசாங்கங்கள் கூறி வந்திருக்கின்றன. அத்தனை பேரும் தொழிலாளர்கள் அல்லர். சாமான் வாங்க வருவோர், சாப்பிட வருவோர், உறவினரைப் பார்க்கப் போவோர் எல்லாரும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே. ஆனால் இருட்டில் கடந்து இருட்டில் திரும்புகிறவன் தொழிலாளி. அவனைப் பற்றித்தான் இவ்வாரம் சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

இப்படிப் போகிறவர்களைப் பற்றி நம்மிடையே ஓர் ஏளனப் பேச்சு உண்டு. “வெள்ளி ஆசை பிடித்து ஓடுகிறான்கள், இங்கே வேலையா இல்லை?” என்கிறார்கள். இதை நாம் ஏற்பதற்கில்லை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்; தவறிருந்தால் கிராணிமார் திருத்தட்டும். நம் நாட்டில் 2025 பிப்ரவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அக்கரையில் ஒருவன் மாதம் 1,800 சிங்கப்பூர் வெள்ளி வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு மூன்று என்று குறைத்தே மாற்றினாலும் 5,400 வெள்ளி ஆகிறது. அறை வாடகை, எண்ணெய், சாப்பாடு எல்லாம் போக, வீட்டுக்கு அனுப்ப அவன் கையில் மிஞ்சுவது இங்கே ஒருவன் முழு மாதம் உழைத்து வாங்குவதற்கு மேலாகவே இருக்கும். தங்கையின் கல்யாணக் கடனும், தகப்பனாரின் மருந்துச் செலவும் இருக்கிறவனிடம் ஆசையைப் பற்றி உபதேசம் செய்வது நியாயமா?

இந்த மூன்று மடங்கு வித்தியாசமும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. பாலத்தில் 1923ல் இரயில் ஓடத் தொடங்கியது. 1924 ஜூன் 28ல் முறைப்படி திறந்துவைத்தார்கள். நம் தோட்டத்து ரப்பரும் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமும் போகும் நாட்டிலே, பேராக்கிலிருந்து சிங்கப்பூருக்குப் போவதென்பது தைப்பிங்கிலிருந்து கிள்ளானுக்குப் போவதைப் போலத்தான் இருந்தது. 1965 ஆகஸ்டு 9ல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1967ல் பாலத்தில் பாஸ்போர்ட் பார்க்கத் தொடங்கினார்கள். அதன் பிறகும்கூட 1973 மே 8 வரை அங்கத்திய வெள்ளியும் இங்கத்திய வெள்ளியும் சரிக்குச் சரியாகவே மாறின. பிறகு அவரவர் வழி அவரவருக்கு என்றாயிற்று. 2024 தொடக்கத்தில் அவர்களுடைய ஒரு வெள்ளிக்கு நாம் மூன்றரை வெள்ளி எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு சற்று இறங்கியது. ஆக, ஒரே மண்ணாக இருந்ததைக் கோடு போட்டுப் பிரித்தார்கள். கோட்டின் இருபுறமும் கூலி வேறாயிற்று. கூலி வேறானதும் உழைப்பாளி கோட்டைக் கடந்தான். இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

அவன் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நமக்கு இன்னும் நெருங்கியது. 1877ல் கோலக்கங்சாரில் நட்ட கன்றுகளோடு பேராக்கில் ரப்பர் வேரூன்றியது. அந்த மரத்தை நம்பித்தான் நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்தார்கள். ஆனால் மரம் நின்ற மண் ஒருநாளும் அவர்களுடையதாகவில்லை. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் லயத்தையும் ஒரே நாளில் இழந்தன. துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சேமிப்பைக்கொண்டே தோட்டங்களை வாங்கியது அந்தக் கொடுமைக்கு மாற்றாகத்தான். துண்டாடலுக்குத் தப்பிய தோட்டங்கள் பின்னால் செம்பனைக்கு மாறின, ஆட்கள் குறைந்தார்கள். அதற்கும் பின்னால் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்து விதி. அந்த விதியில் வளர்ந்த பிள்ளை, வேலை இருக்கும் திசையில் நடக்கக் கற்றுக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

ஆகவே, போகாதே என்று நாம் சொல்லப்போவதில்லை. நாம் கேட்பது வேறு. நம்முடைய தலைவர்கள் பல்லாண்டு பாடுபட்டுத் தொழிலாளிக்குச் சில காப்புகளைப் பெற்றுத் தந்தார்கள். பாலத்தைக் கடக்கும்போது அந்தக் காப்புகளில் எவையெவை அவனோடு கூடவே கடக்கின்றன?

முதலில் விபத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சொக்சோ, ஆலையில் அடிபட்டவனை மட்டும் பார்ப்பதல்ல. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் பணம் தருகிறது. தோட்டத்துக்கு வெளியே குடியிருந்து சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வேலைக்கு வருகிற நம்மவர்க்கு இதன் அருமை தெரியும். ஆனால் சொக்சோ சந்தாவின்மேல் நிற்கிற ஏற்பாடு. முதலாளியும் தொழிலாளியும் மாதாமாதம் கட்ட வேண்டும். சிங்கப்பூர் முதலாளி அதற்குக் கட்டுவதில்லை.

சரி, சிங்கப்பூர்ச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கத்தான் செய்கிறது. அங்கே 2019ல் நிறைவேறிய வேலைக்காய நஷ்டஈட்டுச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளியையும் உள்நாட்டானைப் போலவே நடத்துகிறது. பட்டறையில் விரல் போனால், கட்டுமானத்தில் சாரத்திலிருந்து விழுந்தால் அவனுக்கு நஷ்டஈடு உண்டு. இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அறையிலிருந்து பட்டறைக்குச் சொந்த மோட்டார் சைக்கிளில் போகும்போது நேரும் விபத்து பொதுவாக அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. முதலாளி ஏற்பாடு செய்த வாகனமாயிருந்தால் கதை வேறு.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மழை பெய்கிற விடியற்காலை நாலரை மணி. ஜொகூர் பாருவின் நெடுஞ்சாலையில் ஒரு லாரி உரசி ஒருவன் விழுகிறான். கால் முறிந்து ஆறு மாதம் படுக்கிறான். சிங்கப்பூர்ச் சட்டத்தைக் கேட்டால், அது வேலையிடத்தில் நடந்ததல்ல என்கிறது. மலேசியச் சட்டத்தைக் கேட்டால், உனக்காகச் சந்தா கட்டியவர் யார் என்கிறது. நாலு மைல் இப்பால், ஜொகூர்த் தொழிற்சாலை ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தவன் அதே இடத்தில் விழுந்திருந்தால் சொக்சோவிலிருந்து பணம் வந்திருக்கும். சாலை ஒன்று, மழை ஒன்று, எலும்பு ஒன்று. போய்ச்சேர வேண்டிய இடம் மட்டும் வேறு. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மிக ஆபத்தான அந்த நாலு மணி நேரம்தான் காப்பில்லாத நாலு மணி நேரமாகவும் இருக்கிறது!

அடுத்தது முதுமைக்கான பணம். நம் ஊழியர் சேமநிதி 1951ல் ஏற்பட்டது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதியோ அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமே உரியது. வேலை அனுமதிச் சீட்டில் போகிறவனுக்கு அதில் கணக்கு இல்லை. அவனை வைத்துக்கொள்வதற்காக முதலாளி மாதந்தோறும் அந்நாட்டு அரசாங்கத்துக்கு லெவி கட்டுகிறார். அந்தப் பணத்தில் ஒரு காசும் தொழிலாளியின் பேரில் ஏறுவதில்லை. இருபத்திரண்டு வயதில் பாலத்தைக் கடக்கத் தொடங்கி ஐம்பது வயதில் நிறுத்துகிறவனுக்கு இருபத்தெட்டு ஆண்டு உழைப்பு இருக்கும். சேமநிதிக் கணக்கிலே அந்த இருபத்தெட்டு ஆண்டும் வெறுமையாக இருக்கும். தோட்டத்திலேயே இருந்து குறைந்த சம்பளம் வாங்கிய அண்ணன் ஒரு தொகையோடு வீட்டில் உட்காருவார். கூடுதலாகச் சம்பாதித்த தம்பி அவரிடம் கடன் கேட்டு வருவார். இது நடக்கவே நடக்காது என்று யார் சொல்ல முடியும்?

குடியிருப்பையும் சொல்லிவிடுவோம். வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டங்கூட, ஆள் கொண்டுவந்தால் இருக்க லயமும் பார்க்க ஆஸ்பத்திரியும் கொடுக்க வேண்டுமென்று தோட்ட முதலாளிக்குக் கட்டளையிட்டது. (அந்த லயம் எந்த இலட்சணத்தில் இருந்தது என்பது வேறு கதை, நமக்குத் தெரியாததல்ல.) ஜொகூரில் படுத்தெழுந்து வருகிறவனுக்கு லயமும் வேண்டாம், ஆயாக் கொட்டகையும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். அவன் பிள்ளையைப் பேராக்கில் பாட்டி வளர்க்கிறாள். அவன் அறைக்கு ஜொகூர்க்காரர் வாடகை ஏற்றுகிறார். உழைப்பு மட்டும் காலையில் வந்து மாலையில் போய்விடுகிறது. இவ்வளவு மலிவான ஏற்பாடு எந்தத் துரைக்கும் கனவிலும் கிடைத்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் கையிலிருக்கும் அனுமதிச் சீட்டு ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் சீட்டும் முடிந்தது. சீட்டு என்ற சொல்லைக் கேட்டால் நம் மூத்தவர்களுக்கு 1969 நினைவுக்கு வரும். 1968 ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே அந்நியரானோம். கிட்டத்தட்ட 60,000 பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனதாகக் கணக்கு. ஒரு காகிதத்தின் வலிமை நம்மைவிட யாருக்குத் தெரியும்?

அதே பாடத்தை 2020 மறுபடியும் நடத்திற்று. கோவிட் நோய்க்காக அவ்வாண்டு மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு என்று அறிவித்தபோது, முடிவெடுக்க இரண்டு நாள்கூட முழுசாக இல்லை. வேலையா, வீடா? அக்கரையில் நின்றால் குடும்பத்தைப் பார்க்க முடியாது. இக்கரையில் நின்றால் வேலை போகும். பல்லாயிரம் பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார்கள். இடம் கிடைக்காமல் கிராஞ்சி இரயில் நிலையத்தருகே சிலர் படுத்திருந்ததையும் பத்திரிகைகளில் பார்த்தோம். சிங்கப்பூர் அரசாங்கம் அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுக்க முதலாளிகளுக்கு முதல் இரண்டு வாரம் ஆளொன்றுக்கு நாளுக்கு 50 வெள்ளி வீதம் உதவியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகஸ்டு 17ல் ஒரு திட்டம் வந்தது. அதுவும் மூன்று மாதம் வேலை செய்தபின் வீடு வந்து போகலாம் என்றுதான். பாலம் முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் தேதி. இரண்டு ஆண்டு! ஒரு கிலோமீட்டர் தூரத்தில் பிள்ளையின் வீட்டு விளக்கு தெரியும், போக முடியாது. தகப்பனாரின் சாவைக் கைப்பேசியில் பார்த்தவர்கள் நம் சமூகத்திலே இருக்கிறார்கள்.

இனி, நம் தோட்டத்துக்குள்ளேயே திரும்பிப் பார்ப்போம். நம் பிள்ளைகள் விட்டுப்போன லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் இந்தியாவிலிருந்து புதிதாய் வந்தவர்களும் குடியிருக்கிறார்கள். பக்கத்து நிரையில் வெட்டுகிறவனும் ஒரு தாய்க்கு “வெளிநாட்டில் இருக்கும் பையன்”தான். அவனுக்கு 2019 ஜனவரி முதல் சொக்சோவின் வேலை விபத்துக் காப்பு கிடைத்திருக்கிறது. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமநிதியிலும் முதலாளி 2 விழுக்காடும் அவன் 2 விழுக்காடும் கட்ட வேண்டுமென்று சட்டமாயிற்று. சிறிய தொகைதான். ஆனாலும் அந்நிய நாட்டானுக்கும் முதுமை உண்டு என்று நம் நாடு ஒப்புக்கொண்டுவிட்டது. “அவனுக்கு எதற்கு?” என்று நம்மில் சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இது: அவனுக்குக் கொடுத்ததனால்தான், நம் பிள்ளைக்குக் கொடு என்று அக்கரையில் கேட்க நமக்கு வாய் இருக்கிறது.

உலகில் இது நடக்காத காரியமும் அல்ல. ஐரோப்பாவில் லக்சம்பர்க் என்று ஒரு சின்ன நாடு. அங்கே சம்பளத்துக்கு வேலை செய்வோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் குடியிருந்து தினமும் எல்லை கடந்து வருகிறவர்கள். எந்த நாட்டில் வேலை செய்கிறானோ அந்த நாட்டுச் சமூகக் காப்பில் அவனைச் சேர்க்க வேண்டும், இரண்டு மூன்று நாடுகளில் உழைத்திருந்தால் அந்த ஆண்டுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் வைத்திருக்கிறது. மூன்று மொழி பேசுகிறவர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டை, ஒரே தண்டவாளத்தில் வளர்ந்த இரண்டு நாடுகள் செய்துகொள்ள முடியாதா?

ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு இரு அரசாங்கங்களும் 2025 ஜனவரி 7ல் ஒப்பந்தம் செய்துகொண்டன. மூலதனம் வரவும், சரக்கு போகவும், மனிதர் விரைவாகக் கடக்கவும் வழி பேசப்படுகிறது. நல்லது. பேசுவதற்கு மேசை போட்டாகிவிட்டது. அதே மேசையில் கடக்கிற மனிதனின் கைகாலையும் முதுமையையும் வைத்துப் பேச வேண்டும் என்பது நமது கோரிக்கை. வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கு இரு நாடுகளில் ஏதாவதொன்று பொறுப்பேற்க வேண்டும். அவன் பேரில் கட்டும் லெவியில் ஒரு பகுதியாவது அவன் சேமநிதிக்கு வரவேண்டும். பாலத்துக்குப் பக்கத்தில், புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்சுக்கு நாலு கிலோமீட்டர் இரயில் பாதையை 2026 இறுதியை இலக்காக வைத்துக் கட்டினார்கள். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரைக் கொண்டுபோகும் திட்டம் அது. தூக்கம் ஒரு மணி நேரம் கூடினால் சந்தோஷமே. ஆனால் இரயில் டிக்கெட்டில் சொக்சோ இல்லை.

அரசாங்கங்கள் பேசி முடிக்கும்வரை பையன் சும்மா இருக்க முடியாது. அவன் செய்துகொள்ளக் கூடியவையும் உண்டு. சேமநிதியில் முதலாளி இல்லாமலே தானாகப் பணம் கட்டலாம். நம் சேமநிதி வாரியம் அதை ஏற்கிறது. மாதம் 300 வெள்ளி, நம் கணக்குப்படி நூறு சிங்கப்பூர் வெள்ளி, விடாமல் கட்டினால் இருபத்தெட்டு ஆண்டில் இலாப ஈவு சேராமலே 100,800 வெள்ளி ஆகும். சம்பளம் கைக்கு வந்த அன்றே கட்ட வேண்டும். பதினைந்தாம் தேதிக்கு மேல் யாராலும் கட்ட முடியாது, இது தோட்டத்துக் கடைக் கணக்கு வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். தனியார் விபத்துக் காப்புறுதி ஒன்றும் எடுத்துக்கொள்ள வேண்டும்; எடுக்குமுன் எல்லைக்கு இருபுறமும் செல்லுமா, மோட்டார் சைக்கிளுக்குச் செல்லுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

அங்கே முதலாளி வேலை நிபந்தனைகளை எழுதித் தரவேண்டும், ஒவ்வொரு சம்பளத்துக்கும் விவரச் சீட்டுத் தரவேண்டும் என்பது 2016 முதல் சட்டம். அந்தச் சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். சம்பளப் பாக்கி இருந்தால் வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். வேலைக் காயத்துக்கு ஓராண்டுக்குள். “அடுத்த தீபாவளிக்கு வரும்போது சங்கத்தில் கேட்போம்” என்று தள்ளிப்போட்டால் கெடு போய்விடும். அனுமதிச் சீட்டில் வேலை செய்கிறவனும் அங்கத்திய தொழிற்சங்கத்தில் சேரலாம். இங்கே சங்கத்துக்கு மாதம் தவறாமல் சந்தா கட்டிய தகப்பனுக்குப் பிறந்தவன் அங்கே சங்கமில்லாமல் நிற்பது நமக்குப் பொறுக்கவில்லை.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிளைக் கூட்டத்தில், பிள்ளைகள் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் அங்கத்தினர் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுங்கள். என்ன வேலை, எத்தனை ஆண்டு, சேமநிதி கட்டுகிறானா, விபத்துக் காப்பு உண்டா என்ற நான்கு விவரம் போதும். கிராணிமார் எழுதுவதில் உதவ வேண்டும். பெயர்களை வெளியிட மாட்டோம். மனிதவள அமைச்சிடம் போகும்போது நம் கையில் அந்தப் பட்டியல் இருக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் தலைமையகத்துக்கு அனுப்பி வையுங்கள்.